பள்ளி மணிக்கும் தோட்டத்துப் பேருந்துக்கும் நடுவே

(இளைஞர்களும் பொழுதுபோக்கும் என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கலந்துரையாடலில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன்பு, அரங்கிற்கு வந்திருக்கும் பெற்றோர் சிலரிடம் பேசிக்கொண்டிருந்தேன். பெரும்பாலோர் சொன்ன குறை ஒன்றுதான். "பிள்ளை எந்நேரமும் கைத்தொலைபேசியும் கையுமாகவே இருக்கிறான். கூப்பிட்டால் காது கேட்பதில்லை."

இதே குறையை நான் முதன்முதலில் கேட்டது 2000-ஆம் ஆண்டில். அப்போது எனக்கு வயது 13. சொன்னவர் என் அம்மா. ஆனால், அன்று அவர் திட்டியது கைத்தொலைபேசியை அல்ல. கோலசிலாங்கூர் பட்டணத்தில் இருந்த ஒரு கேம் கடையை. திட்டு வாங்கியவன் என் அண்ணன்.

அந்தக் கடைகளை மூடிவிட்டால் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்று அன்று பலரும் நம்பினோம். கடைகள் மூடப்பட்டன. பிள்ளைகள் எங்கே போனார்கள்? அதைப் பற்றித்தான் இன்று சில விஷயங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

அந்த ஒன்றரை மணி நேரம்

கோலசிலாங்கூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது கம்போங் குவாந்தான் மின்மினிப் பூச்சிகளும், புக்கிட் மெலாவத்தி குன்றின் கலங்கரை விளக்கமும், அங்குள்ள குரங்குகளும்தான். ஆனால், சுற்று வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த எங்களுக்குப் பட்டணம் என்றால் பேருந்து நிலையம். ராஜா மூசா, புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை என்று எந்தப் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும், ஆறாம் ஆண்டு வரை பிள்ளை லயத்திற்குப் பக்கத்திலேயே தமிழ்ப்பள்ளியில் படித்துவிடும். ஆசிரியருக்கு அப்பா அம்மாவைத் தெரியும். பிள்ளை வகுப்புக்குப் போகவில்லை என்றால் மாலைக்குள் செய்தி வீட்டுக்கு வந்துவிடும்.

இடைநிலைப்பள்ளிக்குப் போகும்போதுதான் எல்லாம் மாறுகிறது. மொழி மாறுகிறது. மலாய் மொழியில் போதிய தேர்ச்சி இல்லாதவர்கள் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக உட்கார வேண்டும். பள்ளி மைல் கணக்கில் தள்ளி இருக்கிறது. அந்த ஆசிரியருக்கு நம் வீடு எங்கே என்று தெரியாது.

எங்கள் பள்ளி பிற்பகல் ஒன்றரை மணிக்கு முடியும். எங்கள் தோட்டத்துப் பக்கம் போகும் பேருந்து மூன்று மணிக்குத்தான். நடுவில் ஒன்றரை மணி நேரம். அம்மா அப்போது செம்பனைக் காட்டில் உதிர்ந்த பழம் பொறுக்கிக்கொண்டிருப்பார். வெயிலில் நிற்க நிழல் இல்லை. கோப்பிக்கடையில் உட்கார்ந்தால் ஏதாவது வாங்க வேண்டும். கேம் கடையில் மட்டும்தான் ஒன்றும் வாங்காமல் நின்று வேடிக்கை பார்க்கலாம். குளிரூட்டி வேறு இருந்தது.

கேம் கடைக்கு வாடிக்கையாளர்களைத் தேடிக் கொடுத்தது அந்தப் பேருந்து அட்டவணைதான் என்று இன்று எனக்குத் தோன்றுகிறது.

காசு விழுங்கும் பெட்டி

இன்றைய பிள்ளைகளுக்காக அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஆள் உயர மரப் பெட்டி. அதில் ஒரு தொலைக்காட்சித் திரை, ஒரு பிடி, சில பொத்தான்கள், காசு போட ஒரு துளை. 1978-இல் ஜப்பானின் தைத்தோ நிறுவனத்திற்காக தொமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய ஸ்பேஸ் இன்வேடர்ஸ் விளையாட்டிலிருந்துதான் உலகெங்கும் இந்தப் பித்து பரவியது. வரிசைக்கு 11 வீதம் ஐந்து வரிசையில் 55 எதிரிகள் மேலிருந்து இறங்கி வருவார்கள். அவர்களைச் சுடச் சுட மிச்சம் இருப்பவர்கள் வேகமாக நகர்வார்கள். இது முதலில் திட்டமிட்டுச் செய்ததல்ல. எதிரிகளின் எண்ணிக்கை குறையும்போது அந்தக் காலத்துக் கணினிச் சில்லுக்கு வேலை குறைந்து, மிச்சம் இருப்பவர்களை அது வேகமாக வரைந்தது. அந்தப் பதற்றம் ஆட்டக்காரர்களுக்குப் பிடித்துப் போகவே, அதை அப்படியே விட்டுவிட்டார்கள்.

1980-இல் பேக்-மேன் வந்தது. 1991-இல் ஸ்திரீட் ஃபைட்டர் 2 வந்தது. இந்த விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் ஒரே வியாபார விதிதான். முதல் நிமிடம் எளிதாக இருக்க வேண்டும். மூன்றாவது நிமிடத்திற்குள் பெரும்பாலோர் தோற்க வேண்டும். தோற்றவனுக்கு "இன்னும் கொஞ்சம் இருந்தால் ஜெயித்திருப்பேன்" என்று தோன்ற வேண்டும். பெட்டியின் உள்ளே சின்னச் சின்ன விசைகள் வரிசையாக இருக்கும். ஒரு காசுக்கு எத்தனை உயிர், ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதைக் கடைக்காரர் அதில் மாற்றி வைக்கலாம். நேற்று எளிதாக ஜெயித்த ஆட்டத்தில் இன்று ஏன் தோற்றோம் என்று பையன்கள் தலையைச் சொறிவார்கள்.

எங்கள் சித்தப்பா காலத்தில் 20 காசு நாணயத்தை நேராகத் துளையில் போடுவார்களாம். அண்ணன் காலத்தில் அந்தக் கடையில் ஒரு ரிங்கிட்டுக்கு மூன்று டோக்கன்.

ஜெயித்தவன் நிற்பான்

சரி, வீட்டில் காசுக்குச் சிரமம் என்று தெரிந்தும் பையன்கள் ஏன் போனார்கள்?

ஸ்திரீட் ஃபைட்டர் போன்ற சண்டை விளையாட்டுகளில் இரண்டு பேர் மோதலாம். ஜெயித்தவன் அதே இடத்தில் நிற்பான், தோற்றவன் விலகுவான், அடுத்தவன் புதிதாக டோக்கன் போட்டுச் சவால் விடுவான். கெட்டிக்காரன் ஒரே டோக்கனில் அரை மணி நேரம் நிற்கலாம். எதிரில் இருப்பவன் சீனப் பையனா, மலாய்ப் பையனா, அரசாங்க அதிகாரியின் மகனா, தோட்டத்துப் பையனா என்பதெல்லாம் பெட்டிக்குத் தெரியாது. வகுப்பில் கடைசி மேசையில் உட்கார்ந்து, கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பையனைச் சுற்றி, அங்கே பத்துப் பேர் நின்று கைதட்டுவார்கள்.

அந்த விளையாட்டில் தேர்வு செய்யக்கூடிய எட்டு வீரர்களில் ஒருவர் இந்தியர். பெயர் தால்சிம். யோகி. கை கால்கள் ரப்பர் போல நீளும். வாயிலிருந்து நெருப்பு வரும். கழுத்தில் மண்டை ஓட்டு மாலை. நம் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் "சாமியார்". நம்மவர்களை இப்படியா காட்டுவது என்று இன்று கேட்போம். அன்று எங்கள் பையன்கள் கேட்கவில்லை. தால்சிம்மை வைத்து ஆடுவது கடினம். அவரை வைத்தே ஜெயிப்பவன்தான் பெரிய ஆள். என் அண்ணன் அப்படிப்பட்டவன். ஓர் அதிக மதிப்பெண் பட்டியலில் மூன்று ஆங்கில எழுத்தில் அவன் பெயர் முதலிடத்தில் இருந்தது. இரவு மின்சாரத்தை அணைத்தால் பல பெட்டிகளில் அந்தப் பட்டியல் அழிந்துவிடும். மறுநாள் போய் மறுபடியும் எழுதுவான்.

அவன் பெயர் பட்டியலில் முதலாவதாக வந்த வேறோர் இடம் அந்த வயதில் அவனுக்கு இல்லை. இதை அன்று எங்கள் வீட்டில் யாரும் யோசிக்கவில்லை.

வாசலில் நின்ற பெண்கள்

நான் எப்படி இதையெல்லாம் பார்த்தேன் என்று கேட்கலாம். வாசலில் நின்று பார்த்தேன். தங்கையைத் தனியாக விடாதே என்பது அம்மாவின் கட்டளை. அதனால் என்னையும் அழைத்துப் போவான். உள்ளே போனால் தவுக்கே, "தங்காச்சி, துங்கு லுவார்" என்பார். வெளியே நில் என்று பொருள். அவர் கெட்டவர் அல்லர். சில நாள் எனக்கு உட்கார ஒரு முக்காலி கொடுத்திருக்கிறார். கதவில் பள்ளிச் சீருடையுடன் நுழையக்கூடாது என்று மலாயில் எழுதி ஒட்டியிருக்கும். பையன்கள் புத்தகப் பையில் ஒரு டீ சட்டை வைத்திருப்பார்கள். எனக்கு மாற்றுச் சட்டை இருந்தாலும் அனுமதி இல்லை.

பேக்-மேன் விளையாட்டை உருவாக்கிய தோரு இவாதானி அதைப் பெண்களையும் மனத்தில் வைத்துத்தான் செய்தார். அந்தக் கடைகள் ஆண்களின் கூடாரமாக இருக்கின்றன, பெண்களும் வர வேண்டும் என்பதற்காகவே, சுடுவதை விட்டுவிட்டுச் சாப்பிடுவதை விளையாட்டாக்கினார். ஜப்பானில் நினைத்தது எங்கள் பட்டணம் வரை வந்து சேரவில்லை. என்னைப் போன்ற பெண் பிள்ளைகளுக்கு அந்த ஒன்றரை மணி நேரத்தில் போக இடமே இல்லை. பேருந்து நிலையத்துச் சிமெண்டுத் திண்ணைதான். பையன்கள் கெட்டுப் போகிறார்கள் என்று எல்லாரும் பேசினார்கள். பெண் பிள்ளைகள் எங்கே நிற்கிறார்கள் என்று யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பின்வரிசைப் பெட்டிகள்

இப்போது சொல்லப் போவதை அண்ணனின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

அந்தக் கடையின் பின்பக்கத்தில் ஒரு திரைச்சீலை. அதற்கு அப்பால் நான்கைந்து பெட்டிகள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே மாதிரிதான். ஆனால், அங்கே பிடி கிடையாது, சண்டை கிடையாது. பழங்களின் படங்கள் சுழலும். மூன்று ஒன்றாக நின்றால் புள்ளிகள் ஏறும். அந்தப் புள்ளிகளைக் கல்லாவில் கமுக்கமாகப் பணமாக மாற்றிக்கொள்ளலாம்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். முன்வரிசைப் பெட்டியில் காசைக் கொடுத்து நேரத்தை வாங்குகிறோம். பழகப் பழகத் திறமை கூடும்; அதே காசுக்கு அதிக நேரம் கிடைக்கும். பின்வரிசைப் பெட்டியில் பழக்கம் எதற்கும் உதவாது. எந்தப் பழம் நிற்கும் என்பதை உள்ளே இருக்கும் சில்லு முடிவு செய்துவிடுகிறது. நெடுநாள் ஆட்டத்தில் கடைக்காரர் தோற்காதபடியே அது அமைக்கப்பட்டிருக்கும். முதலாவது விளையாட்டு, இரண்டாவது சூதாட்டம். உரிமம் இல்லாத சூதாட்ட இடங்களைத் தடுக்க நம் நாட்டில் 1953-ஆம் ஆண்டிலேயே சட்டம் இருக்கிறது.

அண்ணன் அப்போது ஐந்தாம் படிவம். ஒரு நாள் இரண்டு ரிங்கிட்டோடு திரைக்குப் பின்னால் போனவன் எட்டு ரிங்கிட்டோடு வந்தான். எனக்கு ஐஸ் காச்சாங் வாங்கிக் கொடுத்தான். "அம்மாகிட்ட சொல்லாதே" என்றான். நானும் சொல்லவில்லை. இரண்டு வாரம் கழித்து, எஸ்.பி.எம். பயிற்சிப் புத்தகங்கள் வாங்க அம்மா கொடுத்திருந்த 30 ரிங்கிட்டோடு போனான். பேருந்து வருவதற்கு முன்பே அது முடிந்துவிட்டது. வெளியே வந்தவன் என்னைப் பார்க்கவில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பேருந்தில் பணம் தொலைந்துவிட்டது என்று வீட்டில் சொன்னான். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆமாம்மா" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. அடுத்த இரண்டு வாரம் ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போனார். குனிந்து குனிந்து பழம் பொறுக்கிக் கோணி கோணியாகச் சேர்த்த காசில் மறுபடியும் 30 ரிங்கிட் கொடுத்தார். இந்த முறை புத்தகம் வந்தது. அண்ணன் அதைத் திறந்து படித்ததாக எனக்கு நினைவில்லை. தேர்வு முடிவும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். கிள்ளானில் ஒரு கிடங்கில் வேலை செய்கிறான். நல்ல தகப்பன். நான் அன்று வாயைத் திறந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பல முறை நினைத்திருக்கிறேன். அம்மாவுக்கு இந்த உண்மை இந்த நிகழ்ச்சிக்குச் சில நாள் முன்புதான் தெரியும்.

கதவு மூடியது

அதே 2000-ஆம் ஆண்டின் இறுதியில், வீடியோ கேம் நிலையங்களை மூடுவதென்று நம் அரசாங்கம் முடிவு செய்தது. மாணவர்கள் பள்ளிக்கு மட்டம் போடுகிறார்கள், விளையாட்டு என்ற பெயரில் சூதாட்டம் நடக்கிறது என்பவை சொல்லப்பட்ட காரணங்கள். இரண்டும் உண்மைதான் என்பதற்கு எங்கள் வீடே சாட்சி. 2001 பிறந்தபோது எங்கள் பட்டணத்துக் கடையின் இரும்புக் கதவும் இறங்கியது. அம்மாவுக்குப் பெரிய நிம்மதி.

நம் நாடு மட்டும் இப்படிச் செய்யவில்லை. 1981 நவம்பரில் பிலிப்பைன்ஸ் அதிபர் மார்கோஸ், வீடியோ கேம் பெட்டிகளை நாடு முழுவதும் தடை செய்தார். அதே பிலிப்பைன்ஸ்தான் 2019 தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியை நடத்தியபோது, மின்விளையாட்டுகளுக்குப் பதக்கம் கொடுத்தது. காலம் அப்படி மாறிவிட்டது.

எங்கள் பட்டணத்தில் என்ன நடந்தது? பள்ளி ஒன்றரைக்கே முடிந்தது. பேருந்து மூன்றுக்கே வந்தது. பையன்கள் கொஞ்ச நாள் ஸ்னூக்கர் கடையின் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பிறகு சைபர் காபே வந்தது. கவுண்டர்-ஸ்திரைக் என்ற துப்பாக்கி விளையாட்டு விற்பனைக்கு வந்ததும் அதே 2000 நவம்பரில்தான். மணிக்கு இவ்வளவு என்று கட்டணம். முன்பு நின்றுகொண்டு ஆடியவர்கள் இப்போது உட்கார்ந்துகொண்டு ஆடினார்கள். சில பையன்கள் இரண்டுக்கும் போகாமல், காசு கொடுத்து அழைத்த பெரிய பையன்களின் பின்னால் போனார்கள். அவர்களில் சிலரின் பெயரைப் பின்னாளில் செய்தியில் படிக்க நேர்ந்தது.

அதே காலத்தில் தோட்டங்களும் மாறின. நிலங்கள் கைமாறி வீடமைப்புத் திட்டங்களாயின. வட சிலாங்கூரில் புக்கிட் பெருந்தோங் போன்ற புதிய நகர்கள் எழுந்தன. பத்தாங் பெர்ஜுந்தையின் பெயரே 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று மாறிவிட்டது. லயத்தில் அடுத்த வீட்டு அக்கா நம் பிள்ளையையும் ஒரு கண் பார்த்துக்கொள்வார். அடுக்குமாடி வீட்டில் அடுத்த கதவு சாத்தியே இருக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரம் இரண்டாகி, நான்காகி, அப்பா அம்மா வேலை முடிந்து வரும் வரை நீண்டுவிட்டது.

கடை இப்போது சட்டைப் பையில்

இன்றைய கைத்தொலைபேசி விளையாட்டுகளைப் பாருங்கள். முதல் கட்டம் எளிது, பிறகு கடினம், தோற்கும் நேரத்தில் "இன்னும் ஓர் உயிர் வாங்குகிறாயா?" என்று திரை கேட்கும். 1980-களின் அதே விதிதான். கூடவே, என்ன இருக்கிறது என்று தெரியாத பரிசுப் பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்கும் முறையும் பல விளையாட்டுகளில் இருக்கிறது. அரிய ஆயுதம் வரலாம், ஒன்றுக்கும் உதவாததும் வரலாம். முன்வரிசைப் பெட்டிக்கும் பின்வரிசைப் பெட்டிக்கும் நடுவில் இருந்த அந்தத் திரைச்சீலை இங்கே இல்லை. 2018-இல் பெல்ஜியம் நாட்டின் சூதாட்டக் கண்காணிப்பு ஆணையம், சில விளையாட்டுகளில் உள்ள இத்தகைய பெட்டிகள் சூதாட்டமே என்று அறிவித்தது.

உலகச் சுகாதார நிறுவனமும் விளையாட்டுக்கு அடிமையாவதை நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2019-இல் ஏற்கப்பட்ட அந்தப் பட்டியல் 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், அதிக நேரம் விளையாடுவது மட்டுமே நோயல்ல. கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் விட விளையாட்டே முக்கியமாகிவிடுவது, பாதிப்பு தெரிந்தும் தொடர்வது, படிப்பும் குடும்ப உறவும் கெடும் அளவுக்கு இது பொதுவாக ஓராண்டு நீடிப்பது ஆகியவையே அதன் அடையாளங்கள். உங்கள் பிள்ளையை நோயாளி என்று முடிவு கட்டுவதற்கு முன் இதை நினைவில் கொள்ளுங்கள்.

என்ன செய்யலாம்?

பெற்றோர்களுக்கு மூன்று விஷயங்களைச் சொல்லி முடிக்கிறேன்.

முதலாவது, உங்கள் பிள்ளையின் ஒன்றரை மணி நேரம் எது என்று கண்டுபிடியுங்கள். பள்ளி முடிந்து நீங்கள் வீடு திரும்பும் வரை பிள்ளை எங்கே, யாரோடு இருக்கிறது? இதற்கு உங்களிடம் பதில் இல்லை என்றால், கைத்தொலைபேசியைப் பறிப்பதால் மட்டும் ஒன்றும் ஆகாது. அந்த நேரத்தில் பூட்டிக் கிடக்கும் ஆலய மண்டபங்கள், பொது மண்டபங்கள் நம் ஊர்களில் இருக்கின்றன. நான்கு நாற்காலி, ஒரு மின்விசிறி, ஒரு கேரம் பலகை, பொறுப்பான ஒரு பெரியவர் இருந்தால் போதும். அங்கே பெண் பிள்ளைகளுக்கும் இடம் இருக்கட்டும். என்னைப் போல் வாசலில் நிற்க வைக்காதீர்கள்.

இரண்டாவது, பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த விளையாட்டை ஒரு முறை பாருங்கள். பழகினால் திறமை கூடும் விளையாட்டா, காசைப் போட்டு அதிர்ஷ்டத்தைப் பார்க்கும் விளையாட்டா என்று கேளுங்கள். பிள்ளைக்குப் பதில் தெரியும். மாதம் எவ்வளவு ரிங்கிட் போகிறது என்பதை ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பொய் சொன்ன பிள்ளை மறுபடி உண்மை சொல்ல ஒரு வழி வையுங்கள். அன்று அண்ணன் பொய் சொன்னதற்குக் காரணம் அடி விழும் என்ற பயம் அல்ல. அம்மாவின் கையில் இருந்த காய்ப்பை அவனும் பார்த்திருந்தான். அந்த வெட்கம்தான் அவன் வாயை அடைத்தது.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அவனுடைய மகனுக்கு 14 வயது. ஏதோ பரிசுப் பெட்டி திறக்க 30 ரிங்கிட் கேட்டான். தொகையைக் கேட்டதும் அண்ணன் என்னைப் பார்த்தான். பிறகு மகனைப் பக்கத்தில் உட்கார வைத்து, "பணத்தை அப்புறம் பேசலாம். முதல்ல இந்த விளையாட்டு எப்படின்னு எனக்குக் காட்டு" என்றான். அன்று இரவுதான் மகனிடம் அந்தப் புத்தகப் பணத்தின் கதையைச் சொன்னான். மறுநாள் தொலைபேசியில் அம்மாவிடமும் சொல்லியிருக்கிறான்.

அம்மா என்ன சொன்னார் என்று கேட்டேன். "எனக்கு அப்பவே தெரியும்டா, நீயா சொல்லுவேன்னுதான் இருந்தேன்" என்றாராம்.